காளானுக்கு இலாகா இல்லை

பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் மையத்திலிருந்து ஒரு கெட்ட செய்திகூட வெளியே போனதில்லை. பால், ஆட்டிறைச்சி, தர்பூசணி, கிணற்றுத் தண்ணீர் என்று எது வந்தாலும் "கிருமி காணப்படவில்லை" என்று எழுதி, நீல முத்திரை குத்தி அனுப்பிவைத்தோம். முத்திரை குத்துபவன் நான். பெயர் பெக்தூர். மாவட்ட உணவுத் தூய்மை மையத்தின் முன் சன்னலில் எழுத்தர். சன்னலுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் பொருள் சுத்தமானது என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அதற்கு ஏற்றபடிதான் எங்கள் படிவங்களும் அச்சிடப்பட்டிருந்தன.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊல்கான் வந்தாள். கையில் மயோனைஸ் வாளி, அது நிறைய வெள்ளை மொட்டுக் காளான். பழைய சர்க்கரை ஆலையின் நிலவறையில் அவளும் அவள் கணவன் மூகாஷும் காளான் வளர்ப்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

"அண்ணே, இதைச் சோதிச்சுப் பாருங்க. இதுல கிருமி இருக்கு" என்றாள்.

"யார் காளான்?"

"என்னோடதுதான்."

நான் படிவங்களை எடுத்துப் பார்த்தேன். நான்காம் எண் படிவம், உற்பத்தியாளர் தன் பொருள் சுத்தம் என்று சான்றிதழ் கேட்பதற்கு. ஏழாம் எண், வாங்கியவர் உற்பத்தியாளர்மேல் புகார் கொடுப்பதற்கு. தன்மேல் தானே புகார் கொடுக்கப் படிவம் இல்லை.

"நீங்க யாருகிட்டேர்ந்து வாங்கினீங்க?"

"நான் எதுக்கு வாங்கணும்? நானே வளர்த்தேன், என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். பூண்டு, காடி, மிளகாய் போட்டு பச்சையா ஊறவெச்சு ஒரு கிண்ணம். நாலு நாளா ஆஸ்பத்திரில கிடக்கார். மொதல்ல வயித்தால போச்சு. இப்ப ரத்தத்துல ஏறிடுச்சாம். எந்த மருந்து போட்டாலும் காய்ச்சல் இறங்கல. என்ன கிருமின்னு தெரிஞ்சாத்தான் எந்த மருந்துன்னு தெரியும்கறாங்க டாக்டரம்மா."

அவள் அழவில்லை. வாளியைச் சன்னல் விளிம்பில் வைத்து, அது விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் மனசு இளகியது. அதனால் இரண்டு படிவத்தையும் கொடுத்தேன். நான்காம் எண்ணில் உற்பத்தியாளர் ஊல்கான். ஏழாம் எண்ணில் புகார்தாரர் ஊல்கான், எதிர்த்தரப்பு ஊல்கான். எதிர்த்தரப்பு பதில் சொல்லப் பத்து நாள் அவகாசம் உண்டு என்றேன்.

"பத்து நாளா? இப்பவே சொல்றேன் அண்ணே. புகார் உண்மை, எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். உள்ளே கொண்டுபோன அரை மணியில் கோப்பு திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு குறிப்பு: "இரு தரப்பும் ஒரே கருத்தில் இருப்பதால் தகராறு இல்லை. தகராறு இல்லாத இடத்தில் ஆய்வுக்கு அவசியம் இல்லை. புகார் முடிக்கப்பட்டது. நான்காம் எண் விண்ணப்பம் மட்டும் நடப்பில் இருக்கும்."

நான் படித்துச் சொன்னதும் ஊல்கான் என் முகத்தையே பார்த்தாள். "அப்ப நான் பொய் சொல்லியிருக்கணுமா?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளை இயக்குநர் அறைக்கு அழைத்துப்போனேன்.

இயக்குநர் எசென்குல் சாதிரோவிச் நல்ல மனிதர். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்காமல் பேசமாட்டார். ஊல்கானுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார்.

"உக்காரும்மா. கவலைப்படாதே. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. காளான் என்னது? இலை இல்ல, வேர் இல்ல. காய்கறிப் பிரிவு எடுத்துக்காது. ரத்தம் இல்ல, எலும்பு இல்ல. இறைச்சிப் பிரிவு எடுத்துக்காது. பால் கறக்குமா? கறக்காது. நான் எந்தப் பிரிவுக்கு அனுப்பறது?"

"எந்தப் பிரிவுலயாவது பாத்தா போதும் ஐயா."

"அப்படிச் சொல்லக் கூடாது. முறைன்னு ஒண்ணு இருக்கு."

முறைப்படி மூன்று பிரிவுத் தலைவர்களும் கூடினார்கள். கூட்டம் புதன், வியாழன் இரண்டு நாளும் நடந்தது. காய்கறிப் பிரிவுத் தலைவர், காளான் இருட்டில் வளர்வதால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்றார். இறைச்சிப் பிரிவுத் தலைவர், தன் மனைவி காளானை இறைச்சிக்குப் பதிலாகச் சமைப்பது உண்மைதான் என்றும், அதைச் சொந்த விஷயமாகக் கருத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒருவருக்கு நினைவு வந்தது: ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டும் காளானும் ஒரே குடும்பம். வாளி ரொட்டிப் பிரிவுக்குப் போனது. அங்கே எடையும் ஈரமும் மட்டும்தான் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது: "ஈரம் சற்று அதிகம். மற்றபடி நன்கு வெந்துள்ளது."

காளான் பச்சையாகத்தான் இருந்தது என்று நான் மெல்லச் சொன்னேன். "படிவத்துல அந்த வரி அச்சாகியே இருக்கு, பெக்தூர்" என்றார்கள். அது உண்மை.

இந்த நான்கு நாளும் ஊல்கான் காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் எங்கள் சன்னல், சாயந்திரம் மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்தாள். மூகாஷ் மெலிந்துகொண்டே போனான். குதிரை உதைத்தால்கூட நகராத ஆள். இப்போது தலையணையிலிருந்து தலையைத் தூக்க ஒருவர் வேண்டும் என்றாள். மூன்று மருந்து மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் அரை நாள் யோசிக்கும், பிறகு ஏறும்.

வெள்ளிக்கிழமை அவளோடு டாக்டர் ஆய்கானிஷும் வந்தாள். சின்னப் பெண். வெள்ளைக் கோட்டுக்குமேல் ஆட்டுத்தோல் அங்கியைப் போட்டுக்கொண்டு நேரே சன்னலுக்கு வந்து ஒரு தாளை நீட்டினாள். மூகாஷின் இரத்தத்துக்கு நாங்கள் கொடுத்த முடிவு. ஆஸ்பத்திரிக்குத் தனி ஆய்வகம் இல்லாததால் இரத்தமும் எங்களிடம்தான் வரும். "கிருமி காணப்படவில்லை."

"அண்ணே, இதை எத்தனை மணிக்கு வாங்கினீங்க?"

பதிவேட்டைப் பார்த்தேன். "பத்து மணிக்கு."

"முடிவு எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

"பன்னண்டு மணிக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"கிருமி வளந்து கண்ணுக்குத் தெரிய ரெண்டு நாள் ஆகும் அண்ணே. ரெண்டு மணி நேரத்துல அது கொட்டாவிகூட விடாது. எதுல வளத்தீங்க? தட்டுல ஊத்தற கூழ் இருக்கா உங்ககிட்ட? எந்த மருந்துக்கு அடங்கும்னு பாக்கற மருந்து வில்லைங்க இருக்கா?"

இரண்டும் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தீர்ந்துபோயின. வாங்குவதற்குக் காரணம் எழுத வேண்டும். கிருமி வந்துகொண்டிருந்தால் காரணம் எழுதலாம். கிருமியே காணப்படாத மாவட்டத்துக்கு எதற்கு என்று தலைநகரில் கேட்பார்கள். இதை நான் டாக்டருக்கு விளக்கினேன். அவள் சன்னல் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எங்கள் மையத்தில் விழா. "மருந்துக்கு அடங்காத கிருமி இல்லாத முதல் மாவட்டம்" என்ற பட்டத்தை எங்களுக்குக் கொடுக்கத் தலைநகரிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடப்பில் இருந்த நான்காம் எண் விண்ணப்பத்தின்படி ஊல்கானும் அழைக்கப்பட்டிருந்தாள், முன்மாதிரிக் காளான் உற்பத்தியாளர் என்று. முதல் வரிசையில் உட்காரவைத்து, மார்பில் ஒரு நாடாவும் குத்தினார்கள். கணவனுக்கு மருந்து கேட்க நல்ல இடம் என்று நினைத்து அவள் வந்திருந்தாள்.

எசென்குல் சாதிரோவிச் பேசினார்.

"கிருமியைக் கண்டுபிடிக்கிறது ஒரு சாமர்த்தியமா? தட்டு இருந்தா, கூழ் இருந்தா, யார் வேணா கண்டுபிடிச்சிடலாம். பக்கத்து மாவட்டத்துல பாருங்க, தேடித் தேடிக் கண்டுபிடிச்சாங்க. இப்ப அவங்க கேரட்டை யாரும் வாங்கறதில்ல. கண்டுபிடிக்காம இருக்கறதுக்குத்தான் கட்டுப்பாடு வேணும். பன்னண்டு வருஷம்! எத்தனை பேர் வந்து கெஞ்சியிருப்பாங்க, எத்தனை கோழி, எத்தனை தயிர்! ஒரு நாளும் நாங்க தடுமாறல."

கைதட்டினார்கள். அடுத்து கோழிப் பண்ணை மேலாளர் எழுந்தார். மாவட்டத்தில் காளான் வளர்க்கிற அத்தனை பேருக்கும் அவர் பண்ணையிலிருந்துதான் எரு போகிறது.

"எங்க கோழிக்குச் சீக்குன்னா என்னன்னே தெரியாது" என்று ஆரம்பித்தார். "தீவனத்துலயே மருந்து. காலைல ஒண்ணு, சாயந்திரம் வேற ஒண்ணு. வாரத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் கலந்து. கிருமி எந்த மருந்துக்குப் பழகறதுன்னு தெரியாம முழிக்கும்! அந்த மருந்தும் வீணாப் போறதில்லைங்க. பாதி எருவுல வந்துடுது. அதைத்தான் நம்ம காளான்கார அக்கா தங்கச்சிங்களுக்குச் சும்மா குடுக்கறோம். எருவைப் பத்து நாள் சூடு ஏத்தி வேகவைக்கணும்பாங்க. எங்க எருவுக்கு அதுகூடத் தேவையில்ல. அதான் உள்ளயே மருந்து இருக்கே!"

ஊல்கான் எழுந்து நின்றாள். நாடா ஒரு பக்கமாகத் தொங்கியது.

"ஐயா, அத்தனை மருந்தையும் தின்னு பழகின கிருமி என் வீட்டுக்காரர் ரத்தத்துல இருக்கு. அதுக்கு எந்த மருந்து போடணும்? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் போயிடறேன்."

எசென்குல் சாதிரோவிச்தான் சமாளித்தார். "பாத்தீங்களா, எங்க உற்பத்தியாளர்களுக்கு எவ்வளவு அறிவியல் ஆர்வம்! கேள்வியை எழுத்துல குடும்மா."

மறுபடி கைதட்டினார்கள். பிறகு சாப்பாடு. வறுத்த கோழி.

ஊல்கானைப் பின்கட்டில் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, நாடாவைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி துணியில் சிக்கி வரவில்லை. "டாக்டரம்மா இன்னும் ரெண்டு நாள்தான்னு சொன்னாங்க அண்ணே" என்றாள். "ரெண்டு நாள்ல என்னன்னு நான் கேக்கல."

அந்த ஊசியை நான்தான் எடுத்துவிட்டேன். எடுக்கும்போது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "மாட்டு ஆஸ்பத்திரி இஸ்மார்கிட்ட போங்க. மாட்டு மடி நோய்க்குப் பால் சோதிக்க அவன்கிட்ட தட்டு இருக்கு. வில்லையும் இருக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"எனக்கு இடம் தெரியாதே" என்றாள். ஆகவே நானே காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வழியில் டாக்டர் ஆய்கானிஷிடம் இரத்தக் குப்பிகளை வாங்கிக்கொண்டோம். நிலவறையிலிருந்து ஒரு பிடி காளானும். இஸ்மார் சீனாவிலிருந்து வந்த துங்கான் இனத்துக்காரன். குட்டையான ஆள், எந்நேரமும் ரப்பர் காலணி. குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"மனுஷ ரத்தம் நான் தொடக்கூடாது, அக்கா. கணினில ஏறாது. மாடு, ஆடு, குதிரை, மூணுதான் கேக்கும். இல்லாட்டி வில்லை வெச்சிருக்கற பெட்டியே திறக்காது, கணக்கு டாலி ஆகணும்."

"மாடுன்னு போடு தம்பி."

"என்ன நிறம்?"

ஊல்கான் யோசித்தாள். "சிவப்பு. வெயில்ல நின்னா சிவந்துடுவார்."

"வயசு?"

"அம்பத்தி ரெண்டு."

"மாடு அவ்வளவு நாள் இருக்காது அக்கா. நாலுன்னு போடறேன். கன்னு போட்டிருக்கா?"

"ரெண்டு" என்றாள் ஊல்கான். "ஒண்ணு ரஷ்யாவுல வேலை செய்யுது. ஒண்ணு கட்டிக்குடுத்தாச்சு." சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தது அப்படியே அழுகையாக மாறி, மாட்டு ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஒரு வாரத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். இஸ்மார் கையைக் கழுவிவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளை அதில் உட்காரவைத்தான். பிறகு வேலையைத் தொடங்கினான்.

புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டான். இரண்டு தட்டுகள் மேசையில் இருந்தன. ஒன்று மூகாஷின் இரத்தம், இன்னொன்று காளான். இரண்டிலும் பன்னிரண்டு வெள்ளை வில்லைகள். கிருமி தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி படர்ந்திருந்தது. பதினொரு வில்லைகளின் விளிம்புவரை வந்து ஏறி நின்றது. ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம். இரண்டு தட்டிலும் அதே வில்லை.

"ரெண்டும் ஒரே கிருமி" என்றான் இஸ்மார். "இந்த ஒரு மருந்துக்குத்தான் பயப்படுது. பழைய மருந்து, ஊசி. ஆனா, அக்கா, இது காதைத் தின்னும். எல்லாருக்கும் இல்ல. உடம்பு தேஞ்சவங்களுக்கு அதிகம். மாட்டுக்குன்னா நான் யோசிக்கவே மாட்டேன்."

"ஆளு இருப்பாரா?"

"ஆளு இருப்பார்னுதான் தோணுது."

"அப்ப போடச் சொல்றேன்" என்றாள் ஊல்கான். பிறகு காளான் தட்டைக் காட்டி, "என்னை மாதிரி பதினஞ்சு பேர் அதே எருவுல வளக்கறாங்க. அவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"எருவை ஒழுங்கா சூடு ஏத்தணும். காளானை நல்லா வேகவெச்சுத் தின்னா கிருமி செத்துடும். பச்சையா ஊறுகா போட்டாத்தான் வம்பு. இது ஒரு வரி. யாராவது சொன்னா போதும்." சொல்லிவிட்டு இஸ்மார் என்னைப் பார்த்தான். நான் என் காலணியைப் பார்த்தேன்.

அறிக்கையின் தலைப்பில் "சிவப்புப் பசு, நான்கு வயது, இரண்டு ஈத்து" என்று இருந்தது. ஆஸ்பத்திரி மருந்தறைக்காரி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டு, பசுவுக்கு மருந்து கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள். டாக்டர் ஆய்கானிஷ் தாளைப் பிடுங்கி, மேல் பகுதியை மடித்துக் கிழித்தாள்.

"எந்தப் பசு? எனக்கு எதுவும் தெரியல. மருந்துப் பேர் மட்டும்தான் தெரியுது. நான் கையெழுத்துப் போடறேன். வேலை போனா என் வேலைதானே போகும், குடுங்க."

அன்று மாலை முதல் ஊசி. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறவில்லை. ஒன்பதாம் நாள் மூகாஷ் ரொட்டியும் சூப்பும் கேட்டான். பத்தாம் நாள் காலையில் ஊல்கான் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருக்க, அவன் அவள் வாயையே பார்த்துவிட்டு, "ஏன் இப்படி முணுமுணுக்கறே? சத்தமாப் பேசு" என்றானாம். அவள் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் சத்தமாகக் கத்தினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை.

ஏப்ரலில் சான்றிதழ்கள் தயாராயின. நிலுவையில் இருந்த நான்காம் எண் விண்ணப்பங்களின்படி, காளான்காரர்கள் பதினாறு பேருக்கும். தங்க நிற ஓரம், நடுவில் நீல முத்திரை. பதினாறையும் நான்தான் குத்தினேன். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் என்னைத்தான் அனுப்பினார்கள்.

முதலில் ஊல்கான் வீடு. அவள் தன்னுடையதை வாங்கி, பார்க்காமலே அடுப்பில் போட்டாள். பிறகு சால்வையை எடுத்துக்கொண்டாள்.

"அடுத்தது யார் வீடு?"

"சைகால்."

"நாங்களும் வர்றோம். நீங்க காகிதத்தைக் குடுங்க. நான் விஷயத்தைச் சொல்றேன்."

மூகாஷைக் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள். அவனை வீட்டில் தனியாக விடுவதில்லை. யாராவது கதவைத் தட்டினால்கூடத் தெரியாது.

சைகால் கைம்பெண். அவளுக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகள். வீட்டுக்குப் பின்னால் களஞ்சியத்தில் காளான். நாங்கள் போனபோது சாப்பாட்டு விரிப்பு விரித்திருந்தது. தேநீர், பொரித்த மாவுருண்டை, நடுவில் ஒரு கிண்ணத்தில் பூண்டும் மிளகாயும் போட்டுப் பச்சையாக ஊறவைத்த காளான். "இப்பதான் ஊறவெச்சேன், சரியான நேரத்துக்கு வந்தீங்க!" என்று சைகால் எல்லோரையும் உட்காரவைத்தாள். நான் சான்றிதழைக் கொடுத்தேன். அவள் அதை முத்தமிட்டு, விரிப்பின் மேலேயே எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துவைத்தாள்.

ஊல்கான் பேச ஆரம்பித்தாள். எருவைச் சொன்னாள், தட்டைச் சொன்னாள், பன்னிரண்டு வில்லைகளைச் சொன்னாள். சைகாலின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது.

"உங்க காளான் கெட்டுப்போச்சுன்னா எனக்கும் வருத்தம்தான் அக்கா. ஆனா என்னோடது சுத்தம்னு அரசாங்கமே எழுதியிருக்கே. இதோ இருக்கே!"

"எழுதினவரே இங்கதான் இருக்கார். கேளு."

சைகால் என்னைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் பார்த்தார்கள். பேசத்தான் வாயைத் திறந்தேன். "முறைப்படி..." என்று ஒரு சொல் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

எங்கள் பேச்சு எதுவும் மூகாஷுக்குக் கேட்கவில்லை. தங்கள் நிலவறைக் காளான்தான் கெட்டது என்று ஊல்கான் எழுதிக் காட்டியிருந்தாள். மற்றவர்களுடையதைப் பற்றி அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை. அவன் எதிரே சாய்ந்திருந்த சான்றிதழை உதடு அசைய நிதானமாகப் படித்தான். முத்திரையைத் தொட்டுப் பார்த்தான். தலையை ஆட்டினான். பிறகு முள்கரண்டியை எடுத்து, கிண்ணத்திலிருந்து ஒரு காளானைக் குத்தினான்.

"வேணாம்!" என்று ஊல்கான் கத்தினாள்.

கரண்டி நிற்கவில்லை.

"மூகாஷ்! வேணாங்க!"

பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெளியே நாய் குரைத்தது. மூகாஷ் மட்டும் சிரித்த முகத்தோடு கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனான். சைகால்தான் பக்கத்தில் இருந்தாள். விரிப்பின் மேலேயே தாவி, அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். கிண்ணம் கவிழ்ந்து, தேநீர் எல்லாம் கொட்டியது. அவன் திகைத்துப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என்ன தப்பு செய்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

சைகால் அவன் கையை விடவில்லை. "அண்ணனுக்கு... ஒண்ணுமே கேக்கலையா?" என்று ஊல்கானைக் கேட்டாள். ஊல்கான் இல்லையென்று தலையசைத்தாள். சைகால் எழுந்து, சிதறிய காளானை எல்லாம் ஒரு துணியால் வாரி அடுப்புக்குள் போட்டாள். பெண்களின் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோப்பு போட்டுக் கழுவினாள், அவர்கள் இன்னும் சாப்பிடவே ஆரம்பித்திருக்கவில்லை என்றாலும்.

மூகாஷ் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும். நான் சைகாலின் சான்றிதழை எடுத்து, தேநீரை உதறி, பின்பக்கம் திருப்பினேன். பேனாவைத் திறந்து எழுதினேன்: "இதிலும் கிருமி உண்டு. பச்சையாகச் சாப்பிடாதே. எருவைச் சூடேற்று. காளானை நன்றாக வேகவை." கீழே பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் படித்துவிட்டு, முன்பக்கம் திருப்பிப் பார்த்தான். மறுபடி பின்பக்கம் பார்த்தான். எதை நம்புவது என்று கண்ணாலேயே என்னைக் கேட்டான். நான் என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தேன்.

பையில் இன்னும் பதினான்கு சான்றிதழ்கள் இருந்தன. சைகாலை விரிப்பைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னேன். மை பரவாமல் இருக்க வேண்டும். அடுத்ததை எடுத்துக் குப்புறப் போட்டேன்.